சுவிஸ்காரச் சாமி

அந்தக் கல் ஒரு சிறிய பூசணிக்காய் அளவுதான் இருக்கும். சுவிஸின் ஆரா நகரில் எங்கள் வாடகைத் தோட்டங்களின் ஓரத்தில், அக்காவின் பிளம் மரத்தடியில், சிவப்புத் துணி கட்டி உட்கார்ந்திருந்தது. நான் அக்கா என்று அழைக்கும் இவர் மலேசியாவில் பிறந்த ஹக்காச் சீனர். ரப்பர் தோட்டத்துக்கு அயலில் வளர்ந்ததால் தமிழ் பேசுவார். ஹக்காக்கள் ஊர்விட்டு ஊர் போய்க் குடியேறியவர்கள். போன இடத்து மண்ணின் காவலரை ‘பாக்குங்’, அதாவது பாட்டனாரின் அண்ணன், என்று அழைத்து உறவாக்கிக்கொள்வார்களாம். அந்தக் கல்தான் இங்கே பாக்குங். எனக்கு அவரை முதல் நாளே பிடித்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வைரவரும் மரத்தடியில் ஒரு சூலத்தோடு குடியிருந்தவர்தானே.

அந்த உரிமையில்தான் வினையை விலைக்கு வாங்கினேன். அக்காவின் ஒற்றை ஊதுபத்தி போதாதென்று தமிழ்க் கடையில் சாம்பிராணி வாங்கி வந்து போட்டேன். புகை நேரே பக்கத்துத் தோட்டத்துக் காப்பி மேசைக்குப் போனது. ஒரு வாரத்தில் தோட்டச் சங்கத் தலைவரின் கடிதம் வந்தது. புகையும் துணியும் விதிக்கு மாறு, பார்வையிட வரும்போதும் இருந்தால் தோட்டம் பறிபோகும். பன்னிரண்டு வருடமாக அக்கா கொத்திப் பண்படுத்திய மண்! அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

“அக்கா, கல்லை வீட்டை கொண்டு போங்கோவன்” என்றேன்.

“வீட்டுல வெச்சா வெறும் கல்லு, தங்கச்சி. இவரு இந்த மண்ணுக்குத்தானே காவல்.” கொஞ்சம் யோசித்தார். “எங்க ஊர்ல காவல் மலாய்க்கார டத்தோ சாமி. அவருக்குப் பன்றி ஆகாது, நாங்க வைக்க மாட்டோம். இவரு சுவிஸ்காரரு. புகை ஆகாது லா. நாமதான் கேக்காம போட்டுட்டோம்.”

சனிக்கிழமை தலைவர் கோப்போடு வந்தார். துணி இருந்த இடத்தில் கல்லைச் சுற்றிச் சிவப்பு ஜெரேனியம் பூத்திருந்தது. முன்னால் ரொட்டி, ஒரு துண்டு சீஸ், ஆப்பிள் சாறு. விதிகளை இரண்டு முறை புரட்டினார். கல்லுக்கும் பூவுக்கும் தடை இல்லை.

“சீஸ் யாருக்கு?”

“நமக்கெல்லாம் முன்பே இங்கே இருப்பவருக்கு” என்று அக்கா ஜெர்மனில் சொன்னார். தலைவர் சிரிக்காமல் கையெழுத்திட்டார். அவர் படலையைத் தாண்டியதும் நாங்கள் இருவரும் கத்திரிக்காய்ப் பாத்தியில் நின்று துள்ளினோம். அப்படி ஒரு வெற்றியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நேற்று அங்கே போனேன். கல்லின் முன்னால் தலைவர் முழங்காலிட்டு, அக்கா வைத்திருந்த சீஸை எடுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த கடிதம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

“இந்தப் பக்கத்து ஆள் இதைச் சாப்பிட மாட்டார்” என்றார் கண்டிப்பாக. பிறகு தன் பையிலிருந்து இந்த ஊர்ச் சீஸ் ஒன்றை எடுத்து, அளவாக வெட்டி, கல்லின் முன் வைத்தார்.