குவார்ட்ஸ் குழாயில் திருநீறு

விஜயகலா கையுறை இல்லாமல் எதையும் தொடமாட்டாள். இலங்கையில் கேகாலைப் பக்கம், பென்சிலுக்குள் வைக்கும் காரீயத்தைத் தோண்டும் ஒரு கம்பனியில், பழைய களஞ்சியத்தைத் தடுத்துச் செய்த சின்ன ஆய்வுகூடம் அது. 2008இல் அங்கே அவள் ஒருத்திதான் வேலைக்கு இருந்தாள். பொறுப்பாளர் ஹலீம் சேர் சனிக்கிழமைகளில் மட்டும் வருவார். மற்ற நாட்களில் அவளோடு பேசியது வாசல் காவலாளி மட்டும்தான். தினமும் பார்க்கிற முகம்தான். ஆனாலும் அடையாள அட்டையை வாங்கி, பெயரைச் சத்தமாக வாசித்து, சிங்களத்தில் ஊர் கேட்பார். “தெஹியோவிட்ட” என்பாள். அன்றைய பேச்சு பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் நோர்வேயிலிருந்து அழைப்பேன். ஒரே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாங்கள். இரண்டு தடவை மணியடித்தும் அவள் எடுக்காவிட்டால் விடாமல் திரும்பத் திரும்ப அழைப்பேன். போர் நடந்துகொண்டிருந்தது; சோதனைச் சாவடிகளில் தமிழர்களைப் பிடித்துவைத்த காலம் அது.

“குளிச்சிக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள என்னைய சாகடிச்சிட்டியா?” என்று சிரிப்பாள். பிறகு வேலையைப் பற்றித்தான் பேசுவாள். அதைச் சொல்ல அவளுக்கு வேறு ஆள் இல்லை.

காபன் நனோக்குழாய்களை வளர்ப்பது அவள் வேலை. தலைமயிரைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய, உள்ளே வெறுமையான குழாய்கள். ஒரு சின்னத் தட்டில் இரும்புத் துகள்களைப் படியவைத்து, அதைக் கண்ணாடி போன்ற ஒரு குவார்ட்ஸ் குழாய்க்குள் தள்ளி, உலையில் சூடாக்கி, காபன் உள்ள வாயுவை விடவேண்டும். வாயு இரும்பின்மேல் பட்டு உடையும். காபன் அதிலிருந்து குழாயாக எழும். துகள் எவ்வளவு அகலமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் குழாயின் அகலம். சூடு கொஞ்சம் மிஞ்சினால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும், குழாயும் பெருக்கும். வாயு மிஞ்சினால் வெறும் புகைக்கரி.

“எங்கப்பா ரப்பர் பாலுக்கு அசிட் விடுற மாதிரிதான். கூடுனா ரப்பர் ஷீட்டு கல்லாகிரும், கொறைஞ்சா உறையாது” என்பாள். அவளுடைய அப்பா பழனியாண்டி தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ரோலர் மெசினில் நிற்பவர்.

செப்டெம்பரில் ஒரு தடவை எல்லாக் குழாயும் ஒரே அகலத்தில் வந்துவிட்டன. ஆனால் ஒரு தடவை வந்தது போதாது. அதே மாதிரி இன்னொரு தட்டு வந்தால்தான் கம்பனி இந்த வேலையைத் தொடரும். ஹலீம் சேர் எதையும் மறைக்கவில்லை.

“புள்ள, இது ஒண்டு சரியா வந்தா நீங்க இத வச்சே மாஸ்டர்ஸ் செய்ய ஏலும். வராட்டி ஆய்வ நிப்பாட்டிருவாங்க.”

குவார்ட்ஸ் குழாயும் ஒன்றுதான் மீதி இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆயுத பூசை வந்தது. அப்பா ஸ்டோரிலிருந்தே பேசினார்.

“ஏம்மா, மெசினுக்குப் பொட்டு வச்சியா?”

“இங்க யாருப்பா அதெல்லாம் வைக்கிறாங்க?”

“யாரு வச்சா என்னா, நீ வையி. இங்க தொரையோட காரு மொதக்கொண்டு சந்தனம் பூசிக்கிட்டு நிக்கிது. ஒன் மெசினு மட்டும் மூளியா நிக்கணுமா?”

பின்னால் மணிச்சத்தம் கேட்டது. அவலுக்கும் கடலைக்கும் பிள்ளைகள் சண்டைபிடிக்கும் சத்தமும் கேட்டது. லைன் அறுந்தது. ஆய்வுகூடத்தில் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கைப்பையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த திருநீற்றுப் பொட்டலம் கிடந்தது. கையுறையைக் கழற்றினாள். திருநீற்றைக் கையுறையோடு யார் பூசுவார்கள்? உலையின் இரும்புக் கூட்டில் பூசப்போனவள், வேலை செய்வது உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் குழாய்தானே என்று நினைத்து, குழாயின் நடுவில் மூன்று விரலால் இழுத்தாள். வெறுங்கை பட்டாலே குவார்ட்ஸ் கெட்டுப்போகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். வியர்வை, எண்ணெய், தூசி எல்லாமே அவளுக்கு அழுக்கு. திருநீற்றை மட்டும் அவள் மனம் அதில் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை கும்பிட்டுவிட்டு உலையை மூட்டினாள். சூடும் வாயுவும் சொன்னபடி கேட்டன. உலை ஆறத்தொடங்கியபோது உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். வெடிப்பு வழியே காற்று புகுந்து, வளர்ந்த காபனெல்லாம் அந்தச் சூட்டிலேயே எரிந்துபோனது. தட்டை வெளியே எடுத்தபோது கறுப்பே இல்லை. துருநிறம் மட்டும் இருந்தது. குழாயின் மேல் பால்வெள்ளையாக மூன்று கோடுகள். அவற்றின் ஊடாக வெடிப்பு ஓடியிருந்தது.

சனிக்கிழமை ஹலீம் சேர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது என்ன புள்ள, மூணு வெரல் அளவுல?”

சொன்னாள்.

“சாம்பல்ல உப்பு ஈக்குது. சூட்டுல குவார்ட்ஸ் படிகமாகும், ஆறக்குள வெடிக்கும். உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும் சேர்.”

“பொறகு?”

“அழுக்குன்னு நெனைக்கல சேர்.”

அவர் குழாயைப் பத்திரிகைத்தாளில் சுற்றினார். “பழைய குழாய், வெடிச்சிட்டுண்டு நான் சொல்றேன்” என்றார்.

புதிய குழாய் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும். கம்பனி காத்திருக்கவில்லை. ஹலீம் சேர் வருவதும் நின்றது. விஜயகலாவைக் காரீயத் தூளை எரித்து எவ்வளவு சாம்பல் மிஞ்சுகிறது என்று நிறுக்கும் வேலைக்குப் போட்டார்கள். உலை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. அப்பாவிடம் அவள் இதைச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் பூசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பழனியாண்டி பஸ் ஏறி, மகளின் மெசினைப் பார்க்க வந்துவிட்டார். காவலாளி அவருடைய பெயரையும் சத்தமாக வாசித்தார். விஜயகலா துணியை விலக்கினாள்.

“இதுலயாம்மா மயிர விட மெல்லிசா செய்யிற?”

“ஆமாப்பா.”

“போன வருசம் பொட்டு வச்சேல்ல, நல்லா ஓடுச்சா?”

“ஓடுச்சுப்பா.”

“சொன்னேன்ல! ஏன் இன்னைக்கி சத்தத்தக் காணோம்?”

“பூசை நாளுல்ல. மெசினுக்கு லீவு.”

“அதான் மொற” என்று அவருக்கு ஒரே சந்தோசம். மடியிலிருந்து திருநீற்றை எடுத்தார். எங்கே பூசுவதென்று மகளைப் பார்த்தார். அவள் வெளி இரும்பைக் காட்டினாள்.

அன்றிரவு தொலைபேசியில் இதைச் சொல்லி முடித்தாள். அப்பா போன பிறகு திருநீற்றைத் துடைத்தாயா என்று கேட்டேன்.

“எதுக்கு?” என்றாள். “அதுதான் இனி சூடாகப் போறதில்லையே.”