சங்கையா வீட்டுக் கொடிக்கயிறு

உறக்கத்தில் உடம்பு செய்துவிடும் ஒன்றுக்கு விழித்திருக்கும் மனிதன் பொறுப்பாவானா? இதைப் பற்றிப் புத்தகங்களில் பலவிதமாக வாசித்திருக்கிறேன். எதுவும் முழுத் திருப்தி தரவில்லை. ஏலப்பாறைக்கு மேலே நான் ஆபீஸ் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில், ஃபேக்டரித் தொழிலாளி சங்கையாவுக்கு அது புத்தகக் கேள்வி அல்ல. முப்பது வயதிலும் அவர் பாயை நனைத்துக்கொண்டிருந்தார்.

வளர வளரப் போய்விடும் என்றார்கள். போகவில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பத்து வீடுகளுக்கு ஒரே கூரை. ஈரப் பாயை யார் கண்ணிலும் படாமல் காயவைக்க இடம் கிடையாது. பக்கத்து வீட்டு வாட்ச்மேன் வீரபாண்டி வாசலில் நின்று சத்தமாகக் கேட்பார்: "ஏலே சங்கையா, ஒரே கூரைதானே? எங்க வீட்டுல ஒழுகலை, ஒங்க வீட்டுல மட்டும் எப்படிலே மழை?" லயமே சிரிக்கும்.

சங்கையா பதினெட்டு வயதில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஃபேக்டரியில் யாருக்கும் பிடிக்காத இரவு ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லோரும் கொழுந்தெடுக்கப் போன பிறகு பகலில் தனியாகத் தூங்கினார். அவர்கள் திரும்புவதற்குள் துவைத்து, வீட்டின் பின்பக்கம் உலர்த்தி எடுத்துவிடுவார். வீரபாண்டியும் கேலியை மறந்துபோனார். 1974இல் கம்பத்திலிருந்து வேலுத்தாயைக் கல்யாணம் செய்து அழைத்து வந்த பிறகும் அதே ஏற்பாடுதான். அவளுக்குப் பகலில் வேலை, அவருக்கு இரவில். ஷிஃப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் மட்டும் கண் மூடாமல் உட்கார்ந்திருப்பார். கேட்டால், ஷிஃப்ட் பழக்கம் என்பார்.

தை மாதத்துப் பனியில் கொழுந்து குறைந்தது. இரவு ஷிஃப்டை நிறுத்திவிட்டார்கள். சங்கையா வீட்டில் சொல்லாமல் இரவுதோறும் ஒரு சாக்கைச் சுருட்டிக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் படுக்கப் போனார். நான்காம் நாள் காலையில் திரும்பியபோது வேலுத்தாய் பெட்டி கட்டி வைத்திருந்தாள்.

"எவ வீட்டுல போயிப் படுத்துட்டு வாறீக? பேரைச் சொல்லுங்க. நான் இன்னைக்கே கம்பத்துக்கு பஸ் ஏறிர்றேன்."

சொன்னாலும் போய்விடுவாள், சொல்லாவிட்டாலும் போய்விடுவாள் என்று அவருக்குத் தோன்றியது. தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டார்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் வேலுத்தாய். "நான் சக்களத்தின்னுல்ல நெனச்சேன்! மூணு நாளா எனக்குச் சோறு எறங்கலை. கிளம்புங்க, கம்பவுண்டரைப் பார்த்துட்டு வருவோம்."

தோட்டத்து டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் சூசையப்பன் நீல மருந்தில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சினார். நிறம் மாறவில்லை. சர்க்கரை இல்லை.

"தண்ணி எவ்வளவு குடிப்பே?"

"தண்ணியே தொடுறதில்லை சார். பயந்துக்கிட்டு விட்டு வருசக்கணக்காச்சு."

"டீ?"

"அது ஃபேக்டரியில சும்மா கெடக்கு சார். சாயங்காலத்துக்கு மேல ஆறேழு கிளாஸ் பாலில்லாத கட்டன் அடிப்பேன். அசந்து தூங்கிரக் கூடாதுல்ல?"

சூசையப்பன் கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்தார். "ஏன்யா, டீயை என்ன மண்ணெண்ணெயிலயா போடுறீங்க? அதுவும் தண்ணிதான்யா! மூத்திரப்பையைத் தூண்டிவிடுற தண்ணி!"

தேயிலைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. நாள் முழுதும் தேயிலையின் வாசனையில் நிற்கிறவர்கள் டீயைக் குடித்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

புதன்கிழமை வந்த டாக்டர் சிறுநீரகத்தில் கோளாறு எதுவுமில்லை என்றார். குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்று கேட்டார். சித்தப்பாவுக்கு இருந்தது. அப்படியென்றால் இது பிறவியோடு வந்தது, சோம்பேறித்தனம் அல்ல என்றார். தண்ணீரை நிறுத்தக் கூடாது, பகலில் நிறையக் குடித்துவிட்டு மாலையில் குறைக்க வேண்டும். மூன்று மணிக்குப் பிறகு டீ ஆகாது. படுக்குமுன் ஒருமுறை போய்வர வேண்டும், இடையில் ஒருமுறை எழுந்து போக வேண்டும். மலச்சிக்கலும் இதைக் கூட்டும் என்று எச்சரித்தார். வேலுத்தாய் தன் பங்குக்கு, கொழுந்தெடுக்கும்போது பனி நனைக்காமலிருக்க இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படுதாவைப் பாய்க்கு மேல் விரித்து, அதன்மேல் பழைய சேலையை மடித்துப் போட்டாள்.

முதல் மாதம் பெரிய மாற்றமில்லை. சித்திரையில் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்தது. அடுத்த தையில் மாதத்துக்கு ஒன்று. முற்றிலும் நின்றுவிட்டது என்று சங்கையா ஒருபோதும் சொன்னதில்லை. நனைந்த நாளில் அவரே துவைத்துப் பின்பக்கம் போடுவார். வேலுத்தாய் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவளைப் பெரிய மனசுக்காரி என்று புகழ எனக்கு வாய் வரவில்லை. அவள் அதை ஒரு பெரிய காரியமாகவே நினைக்கவில்லை. அவர் பிழைத்ததே அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கிறிஸ்துமஸ்தோறும் சூசையப்பன் வீட்டு வாசலில் ஒரு கட்டு விறகை இறக்கி வைத்துவிட்டு வருவார் சங்கையா. எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். அப்போதுதான் இந்தக் கதை முழுவதையும் சொன்னார். கடைசியில், "எல்லாரும் தூங்குற நேரத்துல நானும் தூங்குறேன் சார். இது பெரிய விசயம்" என்றார்.

1979இல், ஓய்வு பெற்றிருந்த வீரபாண்டிக்கு வயதின் கோளாறால் சிறுநீர் நிற்காமல் போனது. பின்பக்கம் மழைக்காலத்தில் வெயில் விழாது. அவருடைய விரிப்புகள் வாசல் கொடிக்கயிற்றில், எல்லோரும் நடக்கிற வழியில் தொங்கின. கொழுந்துக்குப் போகிற கூட்டத்திலிருந்து யாரோ, "என்ன மாமா, ஒங்க வீட்டுல மட்டும் ஒழுகுதா?" என்று கேட்க, லயம் சிரித்தது. வீரபாண்டி கதவைச் சாத்திக்கொண்டார். சங்கையா தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சங்கையாவுக்குப் படுக்கை நனைந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. மறுநாள் காலை, காய்ந்து கிடந்த தன் படுதாவையும் பழைய சேலையையும் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து வாசலுக்கு வந்தார்.

"நல்லாத்தானே காஞ்சு கெடக்கு! அதைப் போயி எதுக்கு நனைக்கிறீக?" என்றாள் வேலுத்தாய்.

"அந்தப் பக்கத்தைப் பிடி" என்றார்.

வீரபாண்டியின் விரிப்புக்குப் பக்கத்திலேயே இருவரும் அவற்றை விரித்துப் போட்டார்கள். அதற்கடுத்த நாளும் போட்டார்கள்.