சிவப்புத் துவாயும் ஒரு பாறையும்

கண்டிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு யாராவது வந்தால் முதலில் தேநீர் கொடுப்பார்கள், பிறகு ஏதாவது ஒரு மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஊரைக் காட்டுவார்கள். இங்கே மேட்டுக்குப் பஞ்சமில்லை. எந்தப் பாதையில் ஏறினாலும் ஒரு வளைவு வரும், வளைவில் கம்பி வேலி, வேலியோரம் கடலை விற்கிறவர், கீழே வாவியும் கூரைகளும். நான் இங்கே இடமாற்றமாகி வந்து ஒன்பது வருடத்தில் இந்த ஊரை எல்லாத் திசையிலிருந்தும் பார்த்துவிட்டேன். பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன் என்பது வேறு கதை. சமதரையில் பிறந்தவளுக்கு உயரம் என்றால் பயம்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். எங்கள் பள்ளிக்கூடத்துச் சங்கீத ஆசிரியை சாந்தி என்னை ஒரு மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அப்போதுதான் மழை விட்டிருந்தது. “அந்தா பாருங்க டீச்சர், நம்ம ஸ்கூல் கூர தெரியிது” என்று அவர் கையை நீட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கையைப் பிடித்து வெடுக்கென்று கீழே இழுத்துவிட்டேன். பாவம், அவருடைய கண்ணாடி வளையலில் ஒன்று உடைந்துபோனது.

“என்னா டீச்சர், பேயக் கண்ட மாதிரி?” என்றார். தலைசுற்று என்று பொய் சொன்னேன். அவர் உடனே தண்ணீர் வாங்கிவர ஓடினார். நான் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். மழை நனைத்த கல்லுக்கு ஒரு வாசனை உண்டல்லவா, அது என்னை நேரே கிழக்குக் கரைக்கு, வாகரைப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டது.

எங்கள் ஊர் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பங்கழியான களப்புமாக நடுவில் கிடக்கிற ஒடுங்கிய நிலம். தெருவும் ஒன்றே ஒன்றுதான். உயரம் என்று சொல்ல ஒரேயொரு பாறை, தென்னைமரத்தை விடக் கொஞ்சம் பெரிது. அதன்மேல் ஏறினால் கிழக்கே கடல் முழுவதும் தெரியும். மேற்கே களப்பும் வயல்வட்டையும் காடும், தென்மேற்கில் எட்டத்தில் குடும்பிமலை நீலமாகத் தெரியும். “மழ விட்ட விடியக்கால அதுக்கு அங்கால கண்டி மலயும் தெரியும் புள்ள” என்று அத்தான் அளப்பார். நானும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பேன், மேகம்தான் தெரியும்.

அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். தாய் தகப்பன் இல்லாத எனக்கு அக்கா வீடுதான் வீடு. பாறையின் கடற்பக்கத்து அடிவாரத்தில் இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புதிதாக வேலை கிடைத்த மிதப்பில், சேலை மடிப்புக் கலையாமல் கடற்கரை மணலில் நடக்கப் பழகிக்கொண்டிருந்த காலம் அது.

அத்தான் கரைவலைக்கு மண்டாடி. மற்றவர்கள் தோணி தள்ளி வலை வளைப்பார்கள், கயிறு இழுப்பார்கள். இவர் பாறையில் நின்று தண்ணீரின் நிறம் பார்த்து மீன் எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்வது வாயால் அல்ல. காற்றில் குரல் எடுபடாது. தோளில் கிடக்கும் சிவப்புத் துவாய்தான் அவருக்கு வாய். இடப்பக்கம் வீசினால் தோணி வடக்கே போகும், வலப்பக்கம் வீசினால் தெற்கே. தலைக்கு மேலே சுழற்றினால் பெருங்கூட்டம் வருகிறது, ஊரே கரைக்கு வா என்று அர்த்தம். சுழன்றதும் அடுப்பில் கிடப்பதைக்கூடப் பார்க்காமல் பெண்கள் மீன் அள்ள ஓலைக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கயிறு பிடித்த ஒவ்வொரு கைக்கும் ஒரு பங்கு மீன் உண்டு.

சுனாமியாகக் கடல் அடித்த அன்று நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாரி காலம் என்பதால் கரைவலை இழுப்பதில்லை. மாதக்கணக்கில் நல்ல மீன் கண்ணில் காணாத ஊர். ஆனால் அன்று கடல் தட்டையாக, அமைதியாகக் கிடந்தது. “சும்மா பாத்திட்டு வாறன்” என்று அத்தான் பாறைக்குப் போனார். அக்கா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று தலையை உலர்த்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பாறை உச்சியில் துவாய் சுழல்கிறது. அப்படி ஒரு சுழற்றலை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“அக்கா, மீன்! அத்தான் சுத்துறார்!”

“மாரியில என்ன மீன் கா? போ அங்கால.”

“இஞ்ச வந்து பாருங்க!” என்று அவளை வாசலுக்கு இழுத்து வந்து, பாறையை நோக்கிக் கை நீட்டிக் காட்டினேன். அவளும் பார்த்தாள். சிரித்தாள். கடகத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள். அடுத்த வீடுகளிலிருந்தும் சிலர் ஓடினார்கள். நான் இன்னொரு கடகம் தேடி உள்ளே போனேன். அந்தக் கடகம் உடனே கிடைக்காததால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் என்னைக் கூரைத் தடியோடு தூக்கிப் பாறையின் இடுக்கில் செருகிவிட்டது. அக்கா கிடைக்கவேயில்லை.

அதன் பிறகு அத்தான் பாறையில் ஏறவில்லை. அடுத்தடுத்த தகரக் கொட்டில்களில் இருந்தோம். நான் சமைத்துப் பீங்கானில் போட்டுக் கொடுப்பேன், அவர் தலை குனிந்து சாப்பிடுவார். ஒரே ஒரு தரம்தான் அந்த நாளைப் பற்றிப் பேசினார். “ஓடித் தப்புங்க எண்டு சொல்லுறதுக்கு எங்களுக்கிட்ட ஒரு வீச்சு இல்லியே புள்ள. இருந்தது அது ஒண்டுதான்.” தன் துவாய்தான் அக்காவைக் கொன்றது என்று அவர் நம்பினார். அக்காவுக்குத் துவாயைக் காட்டியவள் நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு வருடம் ஓடிப்போனது. பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிற ரீச்சர் நான்.

பிறகு சண்டை வந்தது. தெருவை இரண்டு பக்கமும் மூடினார்கள். அரிசி முடிந்தது, மாவு முடிந்தது, பள்ளிக்கூடம் முடிந்தது. முன்னால் கடல், பின்னால் களப்பு, தலைக்கு மேலே ஷெல். இந்தப் பக்கமும் போகேலாது, அந்தப் பக்கமும் போகேலாது. உயரத்தில் ஒரு தலை தெரிந்தால் வேவு பார்க்கிறார் என்பார்கள், கை நீட்டினால் யாரையோ காட்டிக்கொடுக்கிறார் என்பார்கள். அந்த மாதங்களில் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு, குனிந்தே நடந்தோம். ஏன் கையை இழுத்தேன் என்று சாந்தி ரீச்சர் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் இது பாதிக் காரணம்தான்.

சனங்கள் களப்பு வழியாகவும் காட்டு வழியாகவும் வெளியேறத் தொடங்கினார்கள். நானும் அத்தானும் பாறை இடுக்கில் பதுங்கியிருந்தோம். தண்ணீர் என்னைச் செருகிய அதே இடுக்கு. அவர் வரமாட்டேன் என்று பிடிவாதம்.

“நீ போ. அவள இஞ்ச விட்டுப்போட்டு நான் எங்க வாற? நான்தானே கூப்பிட்ட.”

இரண்டு நாள் கெஞ்சினேன். மூன்றாம் நாள் காலை பக்கத்துத் தென்னந்தோப்பில் ஷெல் விழுந்து மண் எங்கள் மேல் கொட்டியது. இனிச் சொல்லாவிட்டால் இந்த மனிதர் இங்கேயே செத்துவிடுவார் என்று பட்டது. பயத்தில் வாய் கோணிக்கொண்டு அழுதபடி சொன்னேன்.

“நீங்க கூப்பிடயில்ல அத்தான். அக்கா தானாக் கண்டவ இல்ல. குசினிக்குள்ள இருந்தவ. நான்தான் இழுத்துக் கொண்டுவந்து காட்டின. நான்தான் அனுப்பின.”

அத்தான் கண்ணிமை மண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபப்படுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

“தெரியும் புள்ள” என்றார். “நீ கை நீட்டினதப் பாத்தன். அவள் ஓடினதயும் பாத்தன். மேல நிண்டா எல்லாந்தானே தெரியும்.”

கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தரமாக, வயிற்றால் ஊர்ந்து பாறைமேல் ஏறினார். இறங்கி வந்து, “தெற்கால களப்போரமாப் போற சனம் தப்பிப் போகுது. நட, நானும் வாறன்” என்றார். நடந்தோம். இரவும் பகலும் சேற்றில் நடந்து வாழைச்சேனைப் பக்கம் கரையேறினோம்.

மறுபடி ஊருக்குத் திரும்பி வந்தபோது பாறைமேல் மண்மூட்டையும் காவல் கோபுரமும் இருந்தன. அத்தான் கீழே நின்று ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிட்டார். சண்டை முழுதாக முடிந்த வருடம் இழுப்பு வந்து செத்தார். காவல் கோபுரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பிறகு தெருப் போட வந்தவர்கள் பாறைக்கு வெடி வைத்து உடைத்துச் சல்லியாக்கினார்கள். நல்ல தெரு, குற்றம் சொல்ல முடியாது. நான் கண்டிக்கு வந்த பஸ்ஸும் அதன்மேல்தான் ஓடி வந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு பள்ளம், மாரியில் தண்ணீர் நிற்கும். கடலைப் பார்க்க ஒரு உயரம் ஊரில் இல்லை.

சாந்தி தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். மனம் கேட்காமல் எழுந்து வேலியோரம் போய்க் கீழே பார்த்தேன். வாவிக் கரையில் ஒரு பெண் குடையை மடக்குகிறாள். அவள் கைகூடத் தெரிந்தது. பின்னால் ஒரு பஸ் வளைந்து வருகிறது. இங்கிருந்து கத்தினால் அவளுக்குக் கேட்காது. இப்படித்தானே அன்று அத்தான் நின்றிருப்பார். அக்கா ஓட ஓட, துவாயை இன்னும் வேகமாகச் சுழற்றிக்கொண்டு.

அன்று அவர் மேலேயிருந்து கண்டது இந்தக் கையைத்தான். அதன் பிறகு இரண்டு வருடம், ஒரு வார்த்தை கேட்காமல், இதே கை போட்ட சோற்றைச் சாப்பிட்டார்.