மூடிய ஜன்னல் வழியே வந்த ஒளி

இது கட்டுக்கதை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என் தோழி ருவோலான் சொன்னபோது நானும் சிரித்தேன். "அந்த ரூம்ல ஒரு சாயங்காலம் தனியா உட்கார்ந்துட்டு வந்து சிரி" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

தியான்ஷான் மலையில் ஒரு பள்ளத்தாக்கு. அதன் இருபுறமும் இரண்டு ஆய்வுக்கூடங்கள். இந்தப் பக்கம் ருவோலான். எதிரே, அவளிடத்தைவிட அறுநூறு மீட்டர் உயரத்தில் தொலேகன். கசாக்கியர், அவளைவிட பத்து வயது மூத்தவர். ஆளுக்கொரு அணுக்கடிகாரம். அதன் துடிப்பை லேசர் ஒளியில் ஏற்றி, வெட்டவெளியில் அனுப்பி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். உயரத்தில் இருக்கும் கடிகாரம் இம்மியளவு வேகமாக ஓடும். எவ்வளவு வேகம் என்று தெரிந்தால், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் சொல்லிவிடலாம்.

காற்று அலைந்தால் ஒளியும் அலையும். பொழுது சாயும் நேரத்தில்தான் காற்று கொஞ்சம் அடங்கும். மூன்று வாரமாக அது அடங்கவே இல்லை. மறுநாள் கருவிகளைக் கழற்றிக்கொண்டு போக வண்டி வருகிறது. இன்று ஒரு மணி நேரமாவது ஒளி அறுபடாமல் கிடைக்காவிட்டால் குளிர்காலம் முழுக்கப் பட்ட பாடு வீண். தொலேகனோ காலையிலேயே ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கக் கீழே இறங்கியிருந்தார். அவள் ஜன்னலுக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

சாயங்காலம் வயர்லெஸ் கரகரத்தது.

"தங்கச்சி... ஒளி அனுப்புறேன்."

"வந்துட்டீங்களாண்ணே! எனக்குக் கறி சம்சா எங்கே? வழியிலேயே முழுங்கியாச்சா?"

இப்படிக் கேட்டால் அவர் லேசில் விடமாட்டார். பதிலுக்கு வம்பளப்பார்.

"ஒளி அனுப்புறேன்."

அவ்வளவுதான்.

வரும் ஒளியைக் காட்டும் திரையில் கோடு விழுந்தது. எப்போதும் புல் மாதிரி நடுங்கும் கோடு, அன்று இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி நின்றது. ருவோலான் கைதட்டினாள். பிறகுதான் வெளியே பார்த்தாள். கம்பத்தில் கொடி கிழிகிற மாதிரி படபடத்தது. காற்று அடங்கவில்லை.

கோடு மட்டும் அசையவில்லை.

பனி கொட்டத் தொடங்கியது. எதிர் மலை மறைந்தது. இனி ஒளி வரவே முடியாது.

வந்தது.

எழுந்துபோய், ஒளி உள்ளே வரும் ஒரே வழியான ஜன்னலின் இரும்புக் கதவை இழுத்து மூடினாள். டமார்...

கோடு அப்படியே நின்றது.

வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"அண்ணே... அங்கேர்ந்து என்ன தெரியுது?"

கர்ர்ர்...

"உன் முதுகு."

அவள் திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை.

எவ்வளவு நேரமோ... கோடு அறுந்தது.

உடனே கதவு தட்டப்பட்டது. தட்... தட்... "தங்கச்சி! கதவைத் திற! விறைச்சுப் போயிட்டேன்!"

அவள் திறக்கவில்லை. வெளியே அவர் திட்ட ஆரம்பித்தார். அவளுடைய சமையலையும் சேர்த்துத் திட்டினார். அது தொலேகனேதான் என்று நம்பிக் கதவைத் திறந்தாள். தலையெல்லாம் பனி.

"பனிச்சரிவு, பாதை மூடிப்போச்சு. மேலே போகவே முடியலை. வயர்லெஸ்ஸும் வண்டியிலேயே கிடக்கு. நடந்தே இங்க வந்துட்டேன்."

"அப்போ... உங்க கடிகாரம்?"

"டீசல் ஏது? காலையிலேயே அணைச்சிட்டேன். கூடத்துச் சாவி இதோ, என் பையிலே."

அவளைப் பார்த்தார். "ஏம்மா இப்படி நடுங்குறே?"

ஒரு மாதம் கழித்து, நகரத்தில், தொலேகன்தான் அந்த மாலையின் அளவீட்டைக் கணக்குப் போட்டார். ஏதோ ஒரு கடிகாரம் ருவோலானின் கடிகாரத்தோடு ஒப்பிடப்பட்டிருந்தது. அதில் சந்தேகமே இல்லை. உயர வித்தியாசம் அறுநூறு மீட்டர் வந்திருக்க வேண்டும். மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார். ஒரே விடை.

மேசைமேல் இருந்த அவள் கடிகாரத்தைவிட இரண்டு சாண் உயரம்.

அந்த அறையில் ஒரு ஆள் எழுந்து நின்றால், அவன் நெஞ்சு இருக்கும் உயரம்.