மூன்று கணினிகளுக்கும் பதில் சொல்பவள்

அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடுவதில்லை. அதன்மேல் மூன்று கணினிகள், மூன்றும் மூன்று ரகம், நடுவில் பாம்புக் குட்டிகள் போலச் சுருண்டு கிடக்கும் கம்பிகள். பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டான். மனைவிக்கு நகரக் குடிநீர் நீரேற்று நிலையத்தில் வேலை. பம்புகளின் அழுத்தமானியைப் பார்த்துவிட்டு வருபவள், செருப்பைக் கழற்றிய கையோடு மேசைமுன் உட்காருவாள்.

ஆசையாய்த் தொடங்கியதுதான். பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே வானலையில் பேச விடும் ஹாம் ரேடியோ உரிமம் வாங்கினாள். வீட்டு மொட்டைமாடியில் ஆண்டெனாவைக் கட்டி, முகம் தெரியாத யாரோடோ கடல் தாண்டிப் பேசினாள். ரேடியோவில் அலைவரிசைகளை ஏற்றக் கம்பெனி கொடுத்த மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடியது. அவளுடைய கணினியில் இருந்ததோ லினக்ஸ். யாரையும் நம்பிப் பயனில்லை என்று தானே தட்டுத்தடுமாறிக் கற்று, லினக்ஸில் ஓடும் மென்பொருள் ஒன்றை எழுதினாள். அது ஓடிய சந்தோஷத்தில், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவைத்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மேக்கில் வருமா என்று ஒருவர் கேட்டார். என்னிடம் மேக் இல்லையே என்றாள். அவர் பழைய மேக் ஒன்றைப் பார்சலில் அனுப்பியே விட்டார். அடுத்தவருக்கு விண்டோஸிலும் இவளுடையதுதான் வேண்டுமாம். இன்னொருவர் கைபேசியில் ஓடும்படி கேட்டார். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. ஏதாவது ஒரு கணினி புதுப்பித்துக்கொண்டால் போதும், ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் படுத்துவிடும். ரேடியோ கம்பெனியைக் கேட்டால், "அது நாங்க செஞ்சதில்லை, செஞ்சவங்களைக் கேளுங்க" என்று கைகழுவிவிடும். செய்தவள் இவள்தானே.

இப்படிக் கேட்டு வருபவர்களுக்குக் கணவன் மாப்பிள்ளைகள் என்று பெயர் வைத்திருந்தான்.

"இன்னைக்கு எந்த மாப்பிள்ளைக்கு முகம் கோணிடுச்சு?"

"மேக் மாப்பிள்ளைக்கு. கம்பியைச் செருகினா கணினி ரேடியோவைக் கண்டுக்கவே மாட்டேங்குதாம்."

"நல்லவேளை, நமக்குப் பொண்ணு இல்லை."

அவள் சிரிப்பாள், விரல்கள் மட்டும் நிற்காது. அவளுடைய சொந்த ரேடியோ அலமாரிமேல் துணி போர்த்திக் கிடந்தது. அதில் பேச நேரம் ஏது?

மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த அக்காவைப் பார்க்கப் போனபோதும் மடிக்கணினி கூடவே போனது. கட்டிலோரம் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தாள். அக்கா தண்ணீர் கேட்டது காதில் விழவில்லை. காலை இழுத்துக்கொண்டு அக்காவே எழுந்து போய் எடுத்துக் குடித்துவிட்டு வந்தாள்.

"நீ என்னைப் பார்க்கவா வந்தே?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

திரும்பிவந்ததும், இனி என்னால் முடியாது, யாராவது எடுத்து நடத்துங்கள் என்று எழுதிப் போட்டாள். கைபேசிக் கடை வைத்திருக்கும் ஒருவர், தானும் ரேடியோ ஆர்வலர்தான் என்று முன்வந்தார். எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைத்தாள். மூன்று கணினிகளும் மூட்டை கட்டப்பட்டன. கணவன் மேசையில் தட்டை வைத்து, ஏதோ ஓட்டலுக்கு வந்தவன் போல நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டான். அவளுக்குத்தான் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இருந்தாலும் தூக்கம் வந்தது. அக்காவோடு தொலைபேசியில் மணிக்கணக்கில் பேசினாள். திங்கட்கிழமை விடுப்பு எடுத்து வருவதாகவும் சொல்லியிருந்தாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர் ஒருவர் போனில் கூப்பிட்டார். பார்வையில்லாதவர். திரையில் இருப்பதைக் கணினி வாசித்துச் சொல்ல, அதைக் கேட்டே வேலை செய்பவர். அவருக்காகவே அவள் தன் மென்பொருளில் ஒவ்வொரு பட்டனுக்கும், கணினி வாசிக்கும்படி பெயர் கொடுத்து வைத்திருந்தாள்.

"தங்கச்சி, கடைக்காரர் புதுசா மாத்தி விட்டதைக் கணினியில போட்டேன். பட்டன், பட்டன், பட்டன்னு மட்டுந்தான் சொல்லுது. எந்தப் பட்டன்னு சொல்ல மாட்டேங்குது. குத்துமதிப்பா ஒண்ணை அமுக்கினேன். இப்போ ரேடியோ வாயே திறக்கலை."

"கடைக்காரரைக் கேட்டீங்களா அண்ணே?"

"கேட்டேன். கடையில கூட்டம், இனிமே என்னால ஆகாதுன்னுட்டார். தப்பா எடுத்துக்காதே. எனக்குப் பேச்சுத்துணை அது ஒண்ணுதான்."

அவள் எதிரே இருந்த வெறும் மேசையைப் பார்த்தாள். தெரியாது அண்ணே என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. வந்து அங்கேயே நின்றது.

"பழசு இன்னும் உங்க கணினியில இருக்கும். அதைத் திறங்க. ரேடியோல வலதுபக்கம் கடைசிப் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே சுவிட்சைப் போடுங்க. சின்னதா ஒரு சத்தம் வருதா?"

"வருது."

"கையை எடுத்துடாதீங்க."

இவள் சொல்லச் சொல்ல அவர் தடவித் தடவிச் செய்தார். மதியச் சோறு ஆறிப்போன பிறகுதான் ரேடியோ உயிர்த்தது. மறுமுனையில் பெரியவரின் குரல் உடைந்தது. உடனே ரேடியோவில் பேசிப் பார்க்க வேண்டும், பதில் சொல்ல நீதான் வரவேண்டும் என்றார். அவள் துணியை எடுத்துவிட்டுத் தன் ரேடியோவைப் போட்டாள். இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் தெளிவாக வந்தது. எத்தனை காலமாயிற்று. அண்டை வீட்டு நாய் முதல் மழை வரை என்னென்னவோ பேசினார்கள்.

அதற்குள் மூன்றாவது குரல் ஒன்று நுழைந்தது. "திரும்பி வந்துட்டீங்களா மேடம்? புதுசைப் போட்டதுல எங்க மீட்புக் குழு ரேடியோ எல்லாம் ஊமையாயிடுச்சு." அவர் முடிக்குமுன் நான்காவது குரல். ஒலிவாங்கிப் பட்டனை அழுத்தப் போன விரலை அவள் எடுத்துக்கொண்டாள். குரல்கள் வரிசையில் நின்றன.

கணவன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே போய், மூட்டை கட்டிய கணினிகளைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தான். அவன் திட்டியிருந்தால் தேவலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் நீரேற்று நிலையத்தில் மேற்பார்வையாளர் விடுப்புச் சீட்டைக் காட்டிக் கேட்டார்: "அக்கா வீட்டுக்குப் போறேன்னு எழுதிக் கொடுத்தீங்களே, வேலைக்கு வந்துட்டீங்க?"

"போகலை சார்."

"ஏன்?"

அழுத்தமானியின் முள் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தபடி சொன்னாள்: "வீட்டுல ஆளுங்க வந்திருக்காங்க."