சேற்றில் நட்ட பூங்கா ரயில்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ரயில் ஓடுகிறது என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு என் மனைவியைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். செடிகளுக்கு நடுவே சாண் உயரப் பொம்மை ரயில். ஐம்பது வயதில் அதற்குத் தண்டவாளம் போட்டவன் நான். அத்தோடு நிறுத்தியிருந்தால் வெறும் பைத்தியக்காரன். நான் அதற்கும் மேலே போனேன். அந்த ரயில் போகும் வழியில் ஒரு பூங்கா, பூங்காவுக்குள் குழந்தைகள் ஏறிச் சுற்றும் குட்டி ரயில். பொம்மைக்குள் பொம்மை.

நிஜப் பூங்கா ரயிலே ஒரு கேவலமான வண்டி. முகப்பில் பல்லிளிக்கும் புலி. ஏறிய இடத்திலேயே இறக்கிவிட ஒரு டிக்கெட். அந்தக் கேவலத்தைச் சுண்டுவிரல் அகலத் தண்டவாளத்தில், உளுந்து அளவு சக்கரங்களில் நகலெடுக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. புலி என் ஜாடையில் வந்திருப்பதாக மனைவி சொன்னாள்.

அவளுக்கோ நான் பூங்காவுக்கு ஒதுக்கிய அந்த மூலையில் கீரைப் பாத்தி போட வேண்டும். கிணற்றடித் தண்ணீர் தானாக வந்து சேரும் ஒரே இடம் அது.

“ஞாயித்துக்கிழமை எங்கண்ணன் வர்றாரு. அவர் கண்ணு முன்னால உங்க குட்டி ரயில் ஒரு சுத்து முழுசா வந்துட்டா எடம் உங்களுக்கு. வரலைன்னா எனக்கு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

“எழுதித் தரட்டுமா?” என்றேன். கொழுப்பு.

வெளிநாட்டு வீடியோக்களில் இப்படித் தண்டவாளம் போட மண்ணைத் தோண்டி, ஜல்லி கொட்டி, ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மட்டம் பார்க்கத் தஞ்சாவூர்க்காரனுக்கா சொல்லித்தர வேண்டும்? தண்ணீரைக் கட்டினால் மேடு தானே தலை நீட்டும். வழித்துப் பள்ளத்தில் போட்டால் தீர்ந்தது. நாற்றங்காலுக்குச் செய்வதுபோல் தண்ணீர் கட்டி, மிதித்துச் சேறாக்கி, பலகையால் இழுத்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. சேறு லேசாக இறுகியதும் தண்டவாளத்தைப் பதித்தேன். புலி வழுக்கிக்கொண்டு ஓடியது.

அது சித்திரை வெயில். சேறு இறுகட்டுமென்று கிணற்றடித் தண்ணீரையும் மறித்திருந்தேன். நாலே நாளில் களிமண் வெடித்தது. கோடையில் எங்கள் வயல் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் என்பது நடக்கப் பழகியதிலிருந்து தெரியும். ரயில் என்றதும் மூளை வேலை செய்யவில்லை. சனிக்கிழமை தண்ணீர் ஊற்றி வெடிப்பை மூடப் பார்த்தேன். மண் உப்பித் தண்டவாளத்தை முறுக்கியதுதான் மிச்சம்.

ஞாயிறன்று மச்சான் வந்தார். வயலிலேயே காலம் கழித்த மனிதர். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். விசையை அழுத்தினேன். புலி முக்கால் சுற்று வந்தது. கிணற்றுப் பக்க வளைவில் தயங்கியது. பிறகு பொம்மைப் பயணிகளோடு வெடிப்புக்குள் தலைகுப்புற இறங்கியது.

“மாப்ள, இது எந்த ஊருக்குப் போற ரயிலு? பாதாளத்துக்கா?”

“சின்ன ரிப்பேர் மச்சான்.”

“சேறடிச்சு நாத்து விடுவாங்க. நீங்க ரயில விட்டிருக்கீங்களே!” மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். “ஆனா மட்டம் பிரமாதம். எங்க ஆளுங்ககூட இப்படி அடிக்க மாட்டாங்க. வர்றீங்களா, குறுவைக்கு நாலு மா நெலம் கெடக்கு.”

மனைவி சிரிக்கவில்லை. அதுதான் மோசம். மண்வெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

தண்டவாளத்தை நானே பிடுங்கினேன். பாத்தியையும் நானே பிடித்தேன். “ஆழமா வெட்டாதீங்க மாப்ள, கீரைக்கு மேலாக்கக் கொத்துனா போதும்” என்று மச்சான் உட்கார்ந்தபடியே சொன்னார். விதை தூவும் வேலையை மட்டும் அவள் என்னை நம்பி விடவில்லை.