யாரும் விடாத தண்ணீர்

நினைத்தாலே குமட்டுகிறது. தொட்டில் கட்டிய வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு பொய்க்குக் கையெழுத்துக் கேட்ட மனுஷனை என்னவென்று சொல்வது?

என் மகள் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாள். டைட்டானியம் என்ற உலோகத்தோடு ஆல்கஹால் வகையறாவைக் கோத்து ஆல்காக்சைடு என்று ஒரு சரக்கு உண்டாக்குவாள். அதற்குத் தண்ணீர் ஜென்மப் பகை. காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே போதும், தெளிவாக இருந்தது வெள்ளைச் சளியாகக் கொழகொழத்துவிடும். அதனால் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறை வழியே கைவிட்டுத்தான் வேலை. நிறைமாத வயிறு இடிக்க இடிக்க எட்டிச் செய்தாள். வீட்டுக்கு வந்தால் பால் டம்ளரைத் தள்ளிவிடுவாள்.

"ஆடையைப் பாத்தாலே அந்தச் சளி ஞாபகம் வருதுப்பா."

சரக்கைக் குப்பியில் அடைத்து, குளிரில் அசையாமல் வைத்தால் படிகம் விளையும். அதில் எக்ஸ்ரே பாய்ச்சினால் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கணினி படம் போட்டுக் காட்டும். ஜோடி டைட்டானியத்தை எதிர்பார்த்தவளுக்கு, ஏழு டைட்டானியம் ஒரே கொத்தாக, நடுநடுவே ஆக்சிஜன் பாலம் போட்டுக்கொண்டு வந்து நின்றது. இந்த அடுக்கில் அவர்கள் துறையில் யாரும் பார்க்காத கொத்து. பாலம் போட்ட அந்த உபரி ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்று குப்பியைத் திருப்பிப் பார்த்தாள். ரப்பர் மூடியில் மயிரிழை விரிசல். ஈரம் கசிந்திருக்கிறது. பிறகு வேண்டுமென்றே தண்ணீர் சேர்த்துப் பார்த்தாள், அளவைக் குறைத்தும் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் சளிதான்.

அதற்குள் பேரன் பிறந்துவிட்டான். ராஜா மாதிரி இருக்கிறான். கக்கினால்கூட அழகு.

அவனைப் பார்க்க என்று அவளுடைய பேராசிரியர் வந்தார். பையில் மேலே கிலுகிலுப்பை, அடியில் ஆராய்ச்சிக் கட்டுரை. "அப்படியே உன் ஜாடைம்மா" என்று பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அதே கையால் காகிதத்தை நீட்டினார். அளந்து தண்ணீர் விட்டு அந்தக் கொத்தை உண்டாக்கியதாக எழுதியிருந்தது. அளவுக்கு ஒரு எண்ணும் இருந்தது.

"இந்த நம்பர் எங்கேருந்து சார் வந்துச்சு?"

"ஏதோ ஒண்ணு போடணும்ல. மூடி ஒழுகிச்சுன்னா எழுத முடியும்? படிகம் நிஜம், படம் நிஜம். பேசாம கையெழுத்துப் போடும்மா. இது வெளிவந்தாத்தான் பட்டம். பட்டம் இருந்தாத்தான் உனக்குச் சொல்லி வச்சிருக்கிற அந்த வேலை கிடைக்கும்."

"இதை நம்பி யாராவது செஞ்சு பாப்பாங்களே சார். அவங்களுக்கும் சளிதான் வரும்."

"அவங்களுக்குக் கைப்பக்குவம் பத்தலைன்னு நெனச்சுக்குவாங்க."

சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

மகள் பிள்ளையை என் தோளில் சாய்த்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். அந்த எண்ணை அடித்தாள். மூடியில் விரிசல், ஈரம் புகுந்தது, மறுபடி செய்ய வரவில்லை என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"இதை நான் அனுப்ப மாட்டேன். இந்த வருஷம் பட்டம் கிடையாது, பாத்துக்க."

"சரி சார். செய்யத் தெரிஞ்சதும் எழுதறேன்."

வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. இப்போது காலையில் அவள் ஆராய்ச்சிக்கூடம் போகிறாள், பேரன் என் மடியில். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவேன்.

"இன்னிக்கு என்னம்மா ஆச்சு?"

"எல்லாத்தையும் கொட்டிட்டு வந்தேன்ப்பா. நாளைக்குப் பாக்கலாம்."

அந்த ஆள் தினமும் எதிரில் வந்து, "குட்டிப்பையன் சௌக்கியமா?" என்று விசாரிக்கிறாராம். த்தூ.